முப்பதாவது பெயர்

26-6-1978, திங்கள்

பெயர்ப்பலகையில் 'உயர்நிலை' என்பதன் மேல் வெள்ளையடித்து 'மேல்நிலை' என்று எழுதியிருக்கிறார்கள். பழைய எழுத்து உள்ளிருந்து தெரிகிறது. பத்தாவது தேறிய பெண்கள் இனி பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டாம். பதினொன்றும் பன்னிரண்டும் இங்கேயேதான். எந்தப் பெண்ணுக்கு எந்த குரூப் என்று பெற்றோரிடம் பேசி முடிவு செய்யும் வேலையை ஹெட்மிஸ்ட்ரஸ் சந்திரம்மாள் என் தலையில் கட்டிவிட்டார். "நீங்கதான் எம்.எஸ்ஸி. படிச்சவங்க, சொன்னா கேப்பாங்க" என்கிறார்.

பதினைந்து வயதுப் பெண் பிற்பாடு என்னவாகப் போகிறாள் என்று நான் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஜோசியருக்காவது தட்சிணை உண்டு.

28-6-1978

இன்று வந்தவர்கள் எல்லோருக்கும் காமர்ஸ்தான் வேண்டும். பேங்க் வேலை. கணிதமும் இயற்பியலும் உள்ள முதல் குரூப்பை விளக்க ஆரம்பித்தால், "அதெல்லாம் பசங்க படிக்கிறதுங்க டீச்சர்" என்று எழுந்துவிடுகிறார்கள். ஒரு அம்மாள் கேட்டாள்: "நீங்க அதைப் படிச்சிட்டு என்ன பண்றீங்க?" டீச்சராக இருக்கிறேன் என்றேன். "அதைத்தான் சொல்றேன்" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதல் குரூப்புக்கு முப்பது பேராவது சேர வேண்டுமாம். இல்லையென்றால் அந்த குரூப்புக்கு அனுமதி கிடையாது. என் இயற்பியலும் இல்லை. இத்தனை வருடங்கள் எட்டாவதுக்கு நெம்புகோலும் ஒன்பதாவதுக்கு வெப்பமானியும் நடத்திவிட்டு, இப்போதுதான்— சரி. எதிர்பார்க்கக் கூடாது.

2-7-1978, ஞாயிறு

கீழ்பென்னாத்தூர் போய் வந்தேன். வள்ளியின் அப்பா வேடியப்பனைப் பார்க்க. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் வள்ளியைப் போல ஒரு பெண்ணை நான் இந்தப் பள்ளியில் பார்த்ததில்லை. இதை அவளிடம் சொன்னதில்லை.

அவர் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே இருந்தார். வரப்பிலேயே நின்று பேசினோம்.

"ரெண்டு வருசம் ஜாஸ்தி படிச்சா மாப்பிள்ளையும் ரெண்டு படி ஜாஸ்தி தேடணும் டீச்சர். நான் எங்க போவேன்?"

"வேலைக்குப் போனா அவளே தேடிக்குவாங்க" என்றேன். எனக்கு ஹாஸ்யம் வராது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

பையன்கள் பள்ளிக்குச் சத்தியமாக அனுப்ப மாட்டார். நம் பள்ளியில் முதல் குரூப் நடந்தால் மட்டும், அதுவும் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வாராம். வள்ளி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செம்பைத் திருப்பி வாங்கும்போது, "குரூப் வந்துடுமா டீச்சர்?" என்றாள், உதடு அசையாமல்.

7-7-1978

சிவப்புப் பூ வந்துவிட்டதாம். வேடியப்பன் முதல் பஸ்ஸிலேயே வந்து நின்றார். "உத்தரவு ஆயிடுச்சிங்க. இனிமே நீங்க பாத்துக்கங்க." இலையில் மடித்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை ஏதோ ஒரு குழந்தை எடுத்திருக்கிறது. அதில் வெள்ளைப் பூ இருந்திருந்தால் வள்ளிக்குக் கணக்கு வராமல் போயிருக்குமா? இருந்தாலும் அம்மன் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள்.

10-7-1978, திங்கள்

இருபத்தொன்பது. வேங்கிக்கால் பெண் ஒருத்தி வருவதாக இருந்தது, நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது. நாளை மறுநாள் பட்டியல் வேலூர் கல்வி ஆபீசுக்குப் போக வேண்டும்.

ஹெட்மிஸ்ட்ரஸ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உங்க பொண்ணு கஸ்தூரி எந்த குரூப்?"

காமர்ஸ் என்றேன்.

"இப்போதைக்கு முதல் குரூப்புல போடுங்க. இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சதும் காமர்ஸுக்கு மாத்திக்கலாம். ஒரு மாசந்தான்."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் கூட்டுறவு பேங்கில் வேலை பார்க்கிறவர். "ஒரு மாசந்தானே?" என்று பேப்பரைத் திருப்பினார். எல்லோரும் ஒரு மாதம் என்கிறார்கள்.

11-7-1978

கஸ்தூரி அழவில்லை. அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு அது வராதுன்னு உனக்குத் தெரியாதாம்மா? நீதானே பேப்பர் திருத்தின?"

தெரியும். பத்தாவதில் விஞ்ஞானத்தில் அவள் தேறியதே நான் உயிரை வாங்கிப் படிக்க வைத்ததால்தான். ஆனால் வீட்டுச் செலவுக் கணக்கை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதும்போது ஒரு அடித்தல் இருக்காது.

ஒரு மாதம்தான் என்றேன். நீ சேராவிட்டால் வள்ளி படிக்க முடியாது என்றேன்.

"வள்ளிக்காவது பூக்கட்டிப் பாத்தாங்க. எனக்கு அதுகூட இல்ல" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

12-7-1978

எழுதிவிட்டேன்.

4-8-1978

இன்ஸ்பெக்ஷன். லேப் தராசை அரைமணி நேரம் துடைத்து வைத்தோம், வந்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைகளை எண்ணினார், காபி குடித்தார், போனார். கஸ்தூரி இரண்டாவது வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். எண்ணும் விரல் அவளைக் கடந்து போனதை நான் பார்த்தேன்.

21-8-1978, திங்கள்

அனுமதி வந்துவிட்டது. முதல் குரூப் உண்டு. வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாலையில் கஸ்தூரியின் மாற்றம் பற்றிக் கேட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இப்ப ஒண்ணு குறைஞ்சா இருபத்தொன்பதாயிடும் டீச்சர். அடுத்த தரம் வந்து எண்ணினா? குடுத்ததைத் திருப்பி எடுத்துக்குவாங்க. மத்தப் பொண்ணுங்க கதி என்ன ஆகறது?"

சேர்க்கும்போது மட்டுமா எண்ணிக்கை முப்பதாக இருக்க வேண்டும்? எப்போதும்தான். இதைக் கண்டுபிடிக்க எம்.எஸ்ஸி. வேண்டாம். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? தோன்றவில்லையா, அல்லது தோன்ற விடவில்லையா?

வீட்டில் சொன்னேன். கஸ்தூரி, "தெரியும்" என்றாள். பெயர் எழுதிய அன்றே தெரியுமாம். "அப்பவே சொல்றதுக்கென்னடி?" என்று கத்தினேன். நான் கத்துகிற ஆள் இல்லை. அவள் என்னையே பார்த்தாள். "நீ அவ்ளோ ஆசையா இருந்தியேம்மா."

22-8-1978

ராஜினாமா செய்யலாமா என்று யோசித்தேன். செய்தாலும் அவள் அந்த குரூப்பில்தான் இருப்பாள். வேறு யாரோ நடத்துவார்கள்.

18-12-1978

கார்த்திகை தீபம் முடிந்தது. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களுக்குப் பள்ளியைக் கொடுத்திருந்தார்கள். லேபில் ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டிச் சட்டை காயப்போட்டிருந்தார்கள். கயிற்றை அவிழ்க்காமலே போய்விட்டார்கள். பெண்களை வைத்துக் கூட்டினேன்.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள். வள்ளி தொண்ணூற்று நான்கு. கஸ்தூரி பத்தொன்பது. அவள் தாளை இரண்டு முறை திருத்தினேன். கூட்டிப் போட ஒன்றும் இல்லை.

13-2-1979

வகுப்பில் அவளை நான் கேள்வி கேட்பதில்லை. அவளும் என்னைப் பார்ப்பதில்லை. வீட்டில் எப்போதும்போல் பேசிக்கொள்கிறோம்— சாம்பாரில் உப்பு, பால் வந்ததா, அப்பாவின் இருமல். பாடத்தை வீட்டில் எடுக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. நான் புத்தகத்தைத் திறந்தால் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

25-6-1979, திங்கள்

இந்த வருடம் நான் யாரையும் தேடிப் போகவில்லை. அவர்களே வருகிறார்கள். முதல் குரூப்புக்கு ஐம்பதுக்கு மேல் விண்ணப்பம். ஹெட்மிஸ்ட்ரஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒருவர், பெயர் ஆதிமூலம், கடை வைத்திருக்கிறார். மகளுக்குக் கணக்கு எப்படி என்று கேட்டேன். சுமார்தானாம். அப்படியானால் யோசியுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"என்னாங்க டீச்சர், உங்க பொண்ணை அதுல போட்டுட்டு எங்களை யோசிக்கச் சொல்றீங்க? ஊருக்கே தெரியுமே. நல்லது இல்லாமலா டீச்சரே பெத்த பொண்ணைச் சேர்ப்பாங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

உண்மையைச் சொன்னால் ஹெட்மிஸ்ட்ரஸுக்குச் சங்கடம், அனுமதிக்கே சங்கடம். "மார்க் ஷீட் கொண்டு வந்தீங்களா?" என்றேன்.

10-6-1980

ரிசல்ட். வள்ளிதான் பள்ளியில் முதல். இயற்பியலில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

கஸ்தூரி இயற்பியலில் மட்டும் ஃபெயில். மற்றதெல்லாம் எப்படியோ கரையேறிவிட்டாள். என் பாடத்தில் மட்டும்.

அவள் அப்பா, "அக்டோபர்ல எழுதிக்கலாம்" என்றார். ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

15-7-1980

வள்ளிக்கு விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வேடியப்பன் கோணிப்பை நிறைய மல்லாட்டை கொண்டுவந்து இறக்கினார். "கொல்லை வேலை படிக்க காலேஜாம் டீச்சர். எங்கிட்டயே கத்துக்கலாம்னேன், மொறைக்குது." அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கஸ்தூரி அவருக்கு மோர் கொடுத்தாள். வள்ளியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

3-8-1980, ஞாயிறு

கஸ்தூரி டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறாள். இயற்பியலுக்கும் தானாகவே காலையில் ஒரு மணி நேரம் உட்காருகிறாள். நான் கிட்டே போவதில்லை.

இன்று மத்தியானம் ஒரு தகப்பனாரும் மகளும் வந்தார்கள். பத்தாவதில் தவறிய பாடத்தை எழுதித் தேறியவளாம், சேர்க்கைக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்க. நான் அடுப்படியில் இருந்தேன். கஸ்தூரிதான் கதவைத் திறந்தாள். அவளை யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

"முதல் குரூப் கெடைக்குமாங்க? டீச்சர் பொண்ணே அதுலதான் படிச்சுதாமே."

அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்தேன். என் கையில் கரண்டி.

"ஒக்காருங்க" என்றாள் கஸ்தூரி. பிறகு அந்தப் பெண்ணிடம்: "உனக்கு எதும்மா வரும்?"

அந்தப் பெண் ஏதோ முணுமுணுத்தாள். வரலாறு என்று காதில் விழுந்தது. தகப்பனார் குறுக்கே பேச வந்தார். "நீங்க கொஞ்சம் இருங்கண்ணா, படிக்கப் போறது அது" என்றாள் இவள், அதட்டலாக இல்லாமல். ஒவ்வொரு பாடமாகக் கேட்டாள். எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவது தெரிவதில்லை என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. கடைசியில் காமர்ஸும் வரலாறும் உள்ள குரூப்பைச் சொல்லி, பிறகு எந்தெந்தப் பரீட்சை எழுதலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது.

"டீச்சரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டா..." என்றார் அவர்.

"அம்மா வேலையா இருக்காங்க. இதையேதான் சொல்வாங்க" என்றாள்.

நான் வெளியே போகவில்லை.