செடியில் கட்டிய சீட்டுகள்

ஏப்ரல் 4
எழுத்து வகுப்பில், மலாயில் இல்லை, எங்கள் காட்டுக்குடி மொழியிலேயே ‘காடு’ என்று எழுதிவிட்டேன்! மூன்று தடவை. வாத்தியார் ரோஸ்லி சிரித்தார். “பெரியவரே, செடிப் பேரையும் எழுதி வைங்க. உங்களுக்கு அப்புறம் யாருக்குத் தெரியும்?”

மருமகளுக்குத் தெரியும். இந்தக் குடியிருப்பில் நம் மொழி மிச்சமிருப்பது எங்கள் இரண்டு வாய்களில்தான். அதிலும் பிரசவச் செடிகளின் பெயர்கள் பெண்களிடம் மட்டுமே உண்டு. ஆனால் மாமனார் மருமகளிடம் பேசக் கூடாது, அவள் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. மீறினால் இடி இறங்கும்.

ஏப்ரல் 6
மகன் கெலாவை அவளிடம் அனுப்பி, பிரசவச் செடிகளின் பெயர்களைக் கேட்டேன். அவன் விடுதியில் படித்தவன், மலாய்தான் வரும். குடிசைக்குள்ளிருந்து சிரிப்பு.

“அப்பா, ‘யாருக்கு வலி, உனக்கா?’ன்னு கேக்குறா. இனிமே என்னை அனுப்பாதே.”

ஏப்ரல் 9
அவளும் எழுத்து வகுப்புக்கு வருகிறாள், பெண்கள் பக்கத்தில். அதனால் ஒரு யோசனை. ஓடைக்கரைச் செடியில் ஒரு சீட்டைக் கட்டினேன். ‘பிள்ளை பெற்றவளுக்கு இதுதானே?’

ஏப்ரல் 10
கீழே கோணல் எழுத்தில் பதில்! ‘இல்லை. பக்கத்துச் செடி. கிழவருக்குக் கண் போய்விட்டது.’ அதன் பெயரும் எழுதியிருந்தாள். என் அம்மா வாயில் கேட்ட பெயர். குதிக்கலாம் போலிருந்தது.

இது பேச்சா? வாயே திறக்கவில்லையே.

ஏப்ரல் 17
கரை முழுக்கச் சீட்டுகள். இன்று அவள் நான்கு பெயர்கள் தந்தாள், ஒரு கிண்டலும்.

ஏப்ரல் 21
புயல். மரம் மகன் குடிசைமேல் விழுந்தது. பேத்திக்குக் கை முறிந்தது.

“அவகிட்ட பேசினியா?” என்றான் மகன்.

“பேசலடா. எழுதினேன்.”

“வானத்துக்கு எழுத்து தெரியாதுன்னு நெனச்சியா?”

இடியிடம் மன்னிப்புக் கேட்க எங்கள் வழக்கப்படி மூங்கில் சிம்பால் கெண்டைக்காலைக் கீறி, ரத்தத்தை மழைநீரில் கலந்து மேலே வீசினேன். அவளும் வீசினாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இடி நிற்கவில்லை. என்ன பண்ணிட்டேன்... குழந்தை கை...

ஏப்ரல் 23
சீட்டுகள் ஒன்றுகூட இல்லை. அவள்தான் அவிழ்த்து எரித்தாளாம். மகன் சொன்னான், மலாயில்.

மே 6
அவள் வகுப்புக்கு வருவதில்லை.

மே 19
வாத்தியார் என் செடிப் பெயர்த் தாளைப் பார்த்தார். “பாதிதானே இருக்கு, மீதி?” அவள் குடிசையைக் காட்டினேன். நேரே போய்க் கேட்டார். பேத்தியை மடியில் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. வாத்தியார் குடிசையைச் சுற்றியிருந்த செடிகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்டார்.

“எனக்கு அந்த பாஷையே தெரியாதுங்க,” என்றாள் மலாயில். நல்ல தெளிவான மலாய்.

பேத்தி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும், “எனக்கும் தெரியாது,” என்றாள்.