மீட்டரில் ஏற்றிய வேகம்

மார்ச் 4

தம்பிக்கு,

என் சைக்கிளின் வேக மீட்டரில் சக்கரத்தின் அளவைத் திருட்டுத்தனமாகக் கூட்டி வைத்தவன் நீ. இருபதில் ஓட்டினால் இருபத்துநான்கு காட்டியது. ஒரு வருடமாக அந்தப் பொய்யைப் பார்த்து மார்தட்டிக்கொண்டிருந்தேன். பேட்டரி மாற்றித் தருகிறேன் என்று மீட்டரை வாங்கிப்போனவன் நீ ஒருவன்தான்.

போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய். அதனால் எழுதுகிறேன்.

அந்த எண்ணை நம்பித்தான் நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் வேக அணிக்குப் போனேன். மேம்பாலம் ஏறும்போதே அந்த அணியின் பல் டாக்டர், "ரோடு ரோலரை யாருப்பா இங்க விட்டது?" என்றார். பிறகு அவர்கள் முதுகுகூடத் தெரியவில்லை. நீ மட்டும் பாலத்து உச்சியில் எனக்காகக் காத்து நின்றாய். டாக்டர் பேச்சைவிட அதுதான் சுட்டது. திரும்பும்போது அருகருகே வந்தோம். உன் மீட்டரில் பதினைந்து, என்னுடையதில் பதினெட்டு.

என்ன சொல்கிறாய்?

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

நான்தான் செய்தேன். போன வருடம் "எருமைகூட என்னை முந்திடும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் சைக்கிளைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டீர்கள். அண்ணி போனில் அழுதார்கள்: "மாடி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குதுடா. எப்படியாவது சைக்கிள்ல ஏத்திடு."

ஏறினீர்களா இல்லையா? இப்போது மூச்சு வாங்குகிறதா?

ஞாயிறு வாருங்கள். உங்கள் டயருக்கு நானே காற்றடித்து வைக்கிறேன்.

உங்கள் தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

மூச்சு வாங்கவில்லை. அதனால் நீ செய்தது நியாயமாகிவிடாது.

குனிந்து ஓட்டினால் காற்று குறைவாக மோதும். மேட்டில் லேசான கியரில் வேகமாகச் சுற்ற வேண்டும். கனத்த உடம்புக்கு டயர் இறுக்கமாக இருக்க வேண்டும். யாரும் சொல்லித்தராமல் இதையெல்லாம் கற்றேன். வேகம் கூடியது என் காலாலா, மீட்டரை அழுத்திய உன் விரலாலா என்று இனி எப்படிப் பிரிப்பேன்? பாலில் தண்ணீர் கலந்தவன், குடித்தாயே, தெம்பு வந்ததே என்கிறாய். சமதளத்தில் என் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் ஒண்டி வந்தவன் நீ. நீயா எனக்கு இரக்கம் காட்டுவது?

இனி நடக்க வேண்டியது இது. நீ செய்ததைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நீயே சொல்ல வேண்டும், பல் டாக்டர் காதில் விழும்படி. உன் அண்ணி அழுவதானால் என்னிடம் அழட்டும். மீட்டரை நான் கழற்றிவிட்டேன். அதை நீ வந்து எடுத்துக்கொண்டு வாசலோடு திரும்பிப் போக வேண்டும். என் டயருக்கு நான் காற்றடித்துக்கொள்வேன். மெதுவான அணியில் நான் ஓட்டுவேன், வேக அணியில் நீ போ. மேம்பாலத்து உச்சியில் நிற்காதே. நான் ஏறி வருவேன். அதை நீ பார்க்க வேண்டியதில்லை.

அண்ணன்