சாதா கோட்டும் போலீஸ் பூட்ஸும்

லண்டன், 1873 மார்ச் 3

டக்வெல் முதலாளி இன்று ஒரு ஜோடி பூட்ஸை முழுக்க என் கையிலேயே விட்டுவிட்டார். "ஊசி போன தடமே தெரியல ஜாபெஸ். எங்க கத்துக்கிட்ட?" என்றார். வடக்கே ஒரு மாமாவிடம் என்றேன்.

மாமாவாவது மண்ணாங்கட்டியாவது. ஐந்து வருஷ ஜெயில்தான் என் மாமா. இந்த வேலை நிலைத்தால் போதும்.

மார்ச் 10

ஸ்டேஷனில் முகத்தைக் காட்டிவிட்டு வந்தேன். விடுதலையானவன் மாதாமாதம் போய் நிற்க வேண்டும், இடம் மாறினால் உடனே சொல்ல வேண்டும். மறுபடி திருடாமல் தடுக்கும் சட்டமாம்.

கான்ஸ்டபிள் பென்ஃபோல்டு தங்கமான மனுஷர். "நீ ஒழுங்கா வேலைக்குப் போறியான்னு கடையில ஒரு எட்டு பாக்கணும்ப்பா. பயப்படாத, சாதா கோட்டுல வரேன். ஒரு பயலுக்கும் தெரியாது."

மார்ச் 13

பாவி மனுஷன், கோட்டை மாத்தினவர் பூட்ஸை மாத்தலையே.

பூட்ஸ் தைக்கிற கடையில் வருகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? பக்கத்தில் இருந்த டோபி தலையைத் தூக்காமலே, "போலீஸ் கால் வருதுடோய்" என்றான். எனக்குத் தெரியாதா? உள்ளே இருந்தபோது அதே பூட்ஸை மூட்டை மூட்டையாகத் தைத்தவன் நான். பென்ஃபோல்டு என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்துவிட்டுப் போனார். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

முதலாளி கத்தவில்லை. "மாமான்னியே?" என்றார். அப்புறம், "நாளைக்கு இங்க தோல் காணாமப் போனா ஊர் என்னைப் பாத்துத்தான் சிரிக்கும். வராதே."

நான் என்னய்யா திருடினேன் அங்க? ஒரு ஆணி?

மார்ச் 21

ஏறாத கடையில்லை. எல்லாரும் கேட்பது ஒன்றுதான் – முன்ன யார்கிட்ட இருந்தே?

மார்ச் 29

வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரி அறையைப் பூட்டிவிட்டாள். பாலத்தடியில் படுக்கிறேன். இடம் மாறினால் சொல்லணுமாம். பாலத்துக்கு என்ன கதவு எண் சொல்வது?

ஏப்ரல் 8

பிடித்தவர் பென்ஃபோல்டேதான். "ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமேப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாராம். திருட்டு இல்லை, அடிதடி இல்லை. இடம் மாறியதைச் சொல்லாததற்கு ஒரு வருஷம்.

ஜூன் 2

ஜெயில் பாதிரியார் கொடுத்த தாளில் எழுதுகிறேன். பழைய இடம், பழைய பலகை, மடியில் அதே போலீஸ் பூட்ஸ்.

இன்று சீர்திருத்தச் சங்கத்துக் கனவான் ஒருவர் சுற்றிப் பார்க்க வந்தார். என் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவு தொழில் தெரிஞ்சவன், வெளியில ஒரு நல்ல கடையாப் பாத்துச் சேர்ந்திருக்கலாமேப்பா?"

"சேர்ந்திருக்கலாங்க ஐயா" என்றேன். அடுத்த பூட்ஸை எடுத்தேன்.