உன் பேரில் என் ரத்தம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் சௌக்கியம். உன் தங்கச்சி மூணாவது தடவையா டிரைவிங் டெஸ்ட்ல கோட்டை விட்டுட்டு வண்டி மேல பழி போட்டுக்கிட்டு இருக்கா, மத்தபடி அவளும் சௌக்கியம். நீ சௌக்கியமான்னு இந்தத் தடவை பேச்சுக்காகக் கேக்கல, நிஜமாவே கேக்கறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிருது, நடுங்குது, அப்புறம் வேர்த்துக் கொட்டிட்டு சரியாயிடுதுன்னு போன வாரம் போன்ல உங்கம்மாகிட்ட சொல்லியிருக்க. வேலை அலைச்சல்தான்னு நீயே முடிவும் பண்ணிட்டியாம். அலைச்சல் இப்படி நாள் பாத்து முறை வெச்சு வராதுப்பா. முப்பத்தோரு வருஷமா மலேரியா பின்னாடியே சுத்தினவன் சொல்றேன். போன்ல சொன்னா சரிப்பா சரிப்பான்னு வெச்சிடுவ, அதனால நீ வேலை பாக்கற வெளிநாட்டு சைட்டுலேர்ந்து லீவுல வந்திருக்கிற எலக்ட்ரீஷியன் கையில கடிதமாவே கொடுத்து அனுப்பறேன். நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்லயே நிக்கச் சொல்லியிருக்கேன். நல்ல பையன், நிப்பான்.

எங்க ஆபீஸ் வாசல்ல ஒரு கரும்பலகை மாட்டியிருக்கே, உள்ளூர் மலேரியா இல்லாத நாட்கள்னு போட்டு, வாட்ச்மேன் தினமும் காலையில அழிச்சு எண்ணை ஏத்துவாரே, அது ஆயிரத்து அறுபத்தொண்ணுல நின்னு மூணு வாரம் ஆகுது. இன்னும் முப்பத்திநாலு நாள் ஓடியிருந்தா மூணு வருஷம் முழுசா ஆகியிருக்கும், மலேரியா ஒழிஞ்ச நாடுன்னு நமக்குச் சான்றிதழ் கிடைச்சிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நம்ம யூனிட்ல மட்டும் நாலாயிரம் பேருக்கு இருந்தது, எனக்கே ரெண்டு தடவை வந்தது. அதுலேர்ந்து இழுத்துப் பிடிச்சு இங்க வரைக்கும் கொண்டுவந்திருக்கோம். இப்ப நம்ம ஒரு யூனிட்ல எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனா நாடு முழுக்கப் பூஜ்யம், மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும். விசாரணை முடியற வரைக்கும் அழிக்கவும் வேண்டாம், ஏத்தவும் வேண்டாம்னு பெரிய டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வாட்ச்மேன் தினமும் சாக்பீஸும் கையுமா நின்னு என் முகத்தைப் பாப்பார். நான் குடையை மடக்கிக்கிட்டு உள்ள போயிடுவேன்.

வந்தது யாருக்குன்னு கேட்டா ஆச்சரியப்படுவ. அடுத்த வீட்டு டெய்லரக்காவுக்கு. அந்தம்மா ஊரை விட்டு எங்கயும் போகல, மெஷினை விட்டே எழுந்திரிக்கறதில்ல. நடுங்கினதுல கத்திரிக்கோல் கை நழுவி, தைக்கக் கொடுத்த புடவையில ஒரு முழம் கிழிச்சுடுச்சு. விரல்ல குத்தி ரத்த ஸ்லைடு எடுத்து லேப்புக்கு அனுப்பினோம், லேப் அம்மா ஒண்ணுக்கு மூணு தடவை பாத்துட்டு, சந்தேகமே இல்லன்னு எழுதிட்டாங்க. நம்ம ரூல் என்னன்னா, வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க கொண்டுவர்ற காய்ச்சல் கணக்குல சேராது, அவங்ககிட்டேர்ந்து கொசு மூலமா நேரா ஒருத்தருக்கு ஒட்டிச்சுன்னு காட்ட முடிஞ்சா அதுவும் சேராது. எங்கேர்ந்து வந்ததுன்னே தெரியலன்னாதான் உள்ளூர் மலேரியா. அந்தத் தெருவுல கடைசி ஆறு மாசத்துல வெளிநாட்டுலேர்ந்து வந்தது ஒரே ஒரு ஆள். அது நீ. ரிஜிஸ்டர்ல உன் பேரு இருக்கு, ஸ்லைடு நம்பர் இருக்கு, கிருமி இல்லன்னு முடிவும் இருக்கு. அதனால உன்னை விட்டுட்டு வேற எங்கயோ தேடிக்கிட்டு இருந்தாங்க. நானும் கூடவே டார்ச் அடிச்சுத் தேடினேன்.

அந்த ரத்தம் உன்னுது இல்ல, என்னுது. நீ லீவுக்கு வந்த மூணாவது நாள் கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருந்த. பயணக் களைப்புன்னு சொன்ன, நானும் நம்பினேன், நம்பினா சௌகரியமா இருந்தது. வெளிநாட்டுலேர்ந்து யாரு வந்தாலும் விரல்ல குத்தி ஸ்லைடு எடுக்கணும், ஒருத்தரையும் நான் விட்டதில்ல, கல்யாண மண்டபத்துக்குப் போய் மாலையும் கழுத்துமா நின்ன மாப்பிள்ளையையே குத்திட்டு வந்தவன். உன் ரூமுக்கும் ஊசியும் ஸ்லைடுமா வந்தேன். எட்டு வயசுல ஊசியைப் பாத்து நர்சம்மா மடியிலயே மயங்கி விழுந்தியே, அந்த முகந்தான் தெரிஞ்சுது. எழுப்ப மனசு வரல. வெளிய வந்து என் விரல்ல குத்தி, உன் பேரை எழுதி அனுப்பிட்டேன். ஜன்னலைத் திறந்து வைப்பான்னு கேட்ட, அதையும் திறந்து வெச்சேன். கொசு வலை கிழிஞ்ச ஜன்னல். ஊர்ல எல்லார் வீட்டு ஜன்னலையும் தட்டிப் பாத்தவனுக்கு அதைத் தைக்க நேரமில்ல.

இன்னும் இருக்கு. டெய்லரக்கா வீட்டைச் சுத்தித் தேடினப்ப கொசுப்புழு எங்க கிடைச்சுது தெரியுமா, நம்ம மொட்டைமாடித் தொட்டியில. மூடி விரிசல் விட்டிருந்தது. வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கணும்னு எங்க ஆபீஸ் சின்ன இன்ஸ்பெக்டர் கையப் பிசைஞ்சுக்கிட்டு நின்னார். நானே எழுதி, கொடுத்தவர்ங்கிற இடத்துலயும் கையெழுத்துப் போட்டு, வாங்கினவர்ங்கிற இடத்துலயும் போட்டேன்.

அதுவரைக்கும்கூட வாயைத் திறக்காமதான் இருந்தேன். ரிட்டயர் ஆக அஞ்சு மாசந்தான் இருக்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம்னு நெனச்சேன். மறைச்சது எனக்காகத்தான்னு உங்கம்மாகிட்ட சொல்லல, உங்கிட்ட சொல்றேன். அப்புறந்தான் உன் போன் வந்தது. மறுநாள் காலையில பெரிய டாக்டரம்மா ரூமுக்குப் போய் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டாங்க. பையனுக்கு ஊசின்னா பயம் மேடம்னேன். பையனுக்கு எத்தனை வயசுன்னு கேட்டாங்க. இருபத்தொம்பதுன்னேன். போய் மேஜையைக் காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க. மெமோ வந்துடுச்சு, முப்பத்தோரு வருஷத்துல முதல் மெமோ. பயம்ங்கிற வார்த்தைக்குக் கிளார்க் அடிக்கோடு போட்டிருக்கார்.

இப்ப ஆபீஸ்ல நிலைமை என்னன்னா, உனக்கு மலேரியா இருக்கணும்னு ஆளாளுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. உன் ரத்தத்துல இருந்தா எண்ணிக்கை தப்பிச்சுடும். லேப் அம்மா என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டாங்க, நேத்து மட்டும் போன் பண்ணி, பையனுக்கு நடுக்கம் இன்னும் இருக்கான்னு ஆசையா விசாரிச்சாங்க. உங்கம்மா ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கா. நான் எந்தப் பக்கம்னு கேட்டா, பலகை பூஜ்யமானா ஆகட்டும்டா. திரும்ப எண்ணிக்கலாம். நீ எந்திரிச்சு நடமாடணும், அவ்வளவுதான்.

டெய்லரக்காவுக்கு இப்ப குணமாயிடுச்சு, பதினாலு நாள் மாத்திரையையும் ஒரு வேளை விடாமப் போட்டுக்கிட்டாங்க. மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். உங்களுக்கு வந்தது என் பையன்கிட்டேர்ந்து, ரத்தம் பாக்காம விட்டது நான்னு சொன்னேன். திட்டுவாங்கன்னு பாத்தேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். மெஷினை நிறுத்திட்டு, அட கடவுளே, அப்ப அந்தப் புள்ளையும் இப்படித்தானே நடுங்கியிருக்கும், அங்க யாரு போத்திவிடுவான்னு கேட்டாங்க. எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு. துணி மூட்டை மேல உக்காந்து அழுதேன். இதை உங்கம்மாகிட்ட சொல்லாத.

இதை மடிச்சு வெச்சதும் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கிட்டு சைட் டாக்டர்கிட்ட போ. மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கன்னு வாயைத் திறந்து கேளு. இருக்குன்னு வந்தா அவர் சொல்ற மாத்திரையை முழுசாப் போட்டு முடி. மூணாவது நாளே நல்லா இருக்குன்னு நிறுத்திடுவ, எனக்குத் தெரியும், அது ஈரல்ல ஒளிஞ்சிருந்து மறுபடி வரும். ரிசல்ட் எதுவா இருந்தாலும் முதல்ல உங்கம்மாவுக்குச் சொல்லு, அப்புறம் பேப்பரைப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பு. உடம்பு தேறி, நூறு வயசு நல்லா இருக்கணும்னு அப்பாவோட ஆசீர்வாதம், அம்மாவோடதும்.

மறந்துடாத, இடது கை மோதிர விரலைக் கொடு, நுனியில வேண்டாம், ஓரத்துல குத்தச் சொல்லு, வலி கம்மி. முகத்தைத் திருப்பிக்கிட்டு அந்தப் பையன் கையைப் பிடிச்சுக்கோ, வெக்கப்படாத. உனக்குப் பதிலா குத்திக்க இந்தத் தடவை நான் பக்கத்துல இல்ல.

இப்படிக்கு,
உன் அப்பா