சிசிலி வாங்கிக் கொடுத்த பிரஷ்

பீலெஃபெல்ட்
4.3.1993

அன்புள்ள றெஜினாவுக்கு,

நான் சுகம். நீயும் கொழும்பில் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் விசா அலுவல் இன்னும் இழுபடுகிறது.

கொஞ்ச நாளாய்ப் பல்லு மினுக்கும்போது பல்லைச் சுற்றியிருக்கிற முரசால் இரத்தம் வருகிறது. ரெஸ்டோறண்டில் என்னோடு கோப்பை கழுவுகிற சிசிலியக்கா, பல்லில் அழுக்குப் படிந்தாலும், அழுத்தித் தேய்த்தாலும் அப்படி வருமாம் என்றா. மெல்லிய பிரஷ் ஒன்றும் வாங்கித் தந்தா. அதற்கும் நிற்காவிட்டால் டொக்டரிடம் காட்ட வேணுமாம். எனக்கு ஜேர்மன்காரரின் டொச் பாஷை வராதென்று, டொக்டரைப் பார்க்க நாள் குறித்து சிசிலியே டெர்மின் எடுத்துவிட்டா. மொழிபெயர்க்கக் கூட வருவா.

உன் பீலிக்ஸ்

கொழும்பு
19.3.1993

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்ப வாசித்தேன். மேலே சிசிலியக்கா, கீழே வெறும் சிசிலி. அந்த அக்கா எந்த வரியில் இறங்கிப் போனா?

புருசனுக்குப் பிரஷ் வாங்கிக் கொடுக்கிறது பெண்சாதியின் வேலை. நீங்கள் வாயை ஆவென்று திறந்திருக்க, அவ பக்கத்தில் நின்று பார்ப்பாவாக்கும். உங்கள் முகத்தை நான் பார்த்தே வருசக்கணக்காகிறது. எனக்குப் பற்றி எரிகிறது, ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அந்தப் பிரஷ்ஷைக் குப்பையில் போடுங்கோ. கரிப் பற்பொடி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உப்புத் தண்ணியில் கொப்பளியுங்கோ. அவவோடு டொக்டரிடம் போனால் எனக்கு இனிக் கடிதம் போட வேண்டாம். அவவைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம்.

உங்கள் றெஜினா

பீலெஃபெல்ட்
8.4.1993

அன்புள்ள றெஜினா,

டெர்மினை விட்டுவிட்டேன். கூட வர வேறு ஆள் கிடைக்கவில்லை. பிரஷ்ஷை எறிந்தாச்சு, உன் பற்பொடிதான் இப்போது.

தேய்க்காமலே இரத்தம் வருகிறது, தலையணையெல்லாம் படுகிறது. அடிபடாமலே காலில் நீலம் நீலமாய்க் கண்டியிருக்கு. காய்ச்சலும் விட்டு விட்டு வருகிறது. கோப்பை தூக்கக்கூட ஏலாமல் இருக்கு, களைப்பாக்கும். என்ன செய்கிறது என்று சிசிலியக்கா கேட்டா. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இனி உனக்குச் சந்தோசம்தானே.

பீலிக்ஸ்

கொழும்பு
24.4.1993

அன்புள்ள சிசிலியக்காவுக்கு,

நான் பீலிக்ஸின் மனைவி றெஜினா. அவருடைய கடிதத்தை இங்கே ஒரு டொக்டரிடம் காட்டினேன். வெறும் முரசு வருத்தமென்றால் பல் டொக்டரோடு முடிந்துவிடுமாம். காய்ச்சலும் கண்டலும் சேர்ந்து வந்தால் இரத்தத்திலேயே ஏதும் கோளாறு இருக்கலாம், ஒரு நாளும் தாமதிக்காமல் சோதிக்க வேணும் என்றார்.

அவருடைய அறையில் ரெலிபோன் இல்லை. உங்கள் நம்பரும் என்னிடம் இல்லை; உங்களைப் பற்றி எழுத வேண்டாமென்று சொன்னதே நான்தான். இன்றைக்கு அங்கே பறக்கிற சூசைதாசன் அண்ணையின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அவர் வரமாட்டன் என்பார். றெஜினா போகச் சொன்னவ என்று சொல்லுங்கோ. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கோ. பக்கத்திலேயே நின்று டொக்டர் சொல்வதெல்லாம் கேளுங்கோ. மெல்லிய பிரஷ் இன்னொன்றும் வாங்கிக் கொடுங்கோ.

எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எரிச்சல்படவாவது எனக்கு அவர் வேணும், அக்கா.

றெஜினா