கன்னிப் பெட்டிப் புடவை

பார்சலைப் பிரித்ததும் முதலில் வந்தது கற்பூர வாசனை. அதற்கப்புறம்தான் புடவை கண்ணில் பட்டது. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. உங்கள் ஊர்க் குளிரில் இத்தனை காலம் கிடந்தும் அந்த வாசனை போகவில்லை. நீங்கள் தூக்கத்திலேயே காலமாகிவிட்டீர்கள் என்று உங்கள் அண்ணன் மகள் நாலு வரி எழுதி உள்ளே வைத்திருந்தாள். இந்தப் புடவையைத் தனி அலமாரியில் வைத்திருந்தீர்களாம். யாரையும் தொடவிட மாட்டீர்களாம். அப்படியே எங்கள் அம்மாவின் குணம்.

மிஸ், இது உங்களுக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம். தபால்தலை ஒட்டப்போவதில்லை என்பதால் இங்கிலீஷோடு மல்லுக்கட்டாமல் தமிழிலேயே எழுதுகிறேன். உங்களுக்கு இனி எந்தப் பாஷை எழுத்தும் புரியும் என்று ஒரு நம்பிக்கைதான்.

குழந்தைகளுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுத்து எடை பார்க்கும் சேவைக்காகக் கடல் கடந்து வந்த உங்களைத் தென்னூரில் எங்கள் வீட்டில் தங்கவைக்க அப்பா ஒப்புக்கொண்டபோது அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வாழைக்காய் மண்டியில் பத்துப் பேரை அதட்டுகிற அப்பா, வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிட உட்காருவார். காலியாக இருந்தது ஒரே ஓர் அறை. அது என் அக்காவின் அறை. அதைத்தான் உங்களுக்குக் கொடுத்தோம். "உத்தரத்துல தொங்குற ஓலைப்பெட்டிய மட்டும் தொட வேணாம்னு சொல்லிரு" என்றாள் அம்மா. நான் சொன்னேன். ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். சாமி பெட்டி என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

அக்கா, ஸ்ரீரங்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குத் திருவிழா பார்க்கப் போய், காய்ச்சலோடு திரும்பி வந்தவள். கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது. அதற்குள் இறந்துபோனாள். தூக்கிப்போக ஆட்கள் வந்தபோது அம்மா அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பெரியம்மாவும் சித்தியும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்கள். அதை அப்புறம் யாரும் வீட்டில் பேசியதில்லை. உங்களிடம் நானும் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்துக் குடியானவர் வீடுகளில், கல்யாணமாகாமல் இறந்த பெண் அந்த வீட்டுக்கே சாமியாகிவிடுவாள். அவளுக்கென்று ஒரு கன்னிப் பெட்டி இருக்கும். உள்ளே ஒரு புதுப் புடவை, அவளுடைய சீப்பு, வளையல். தை மாதம் பெட்டியை இறக்கிக் கும்பிடுவோம். கல்யாணமாகாத ஒரு பெண் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு பெட்டி முன்னால் உட்காருவாள். வீட்டில் நடக்க வேண்டிய காரியத்துக்கு அவளிடம்தான் உத்தரவு கேட்க வேண்டும். கட்டின புடவை அவளுக்கே சொந்தம். பெட்டிக்கு வேறு புடவை வாங்குவோம்.

வந்த மறுநாளே எங்கள் வீட்டைச் சிரிக்கவைத்துவிட்டீர்கள். எல்லாருக்கும் மரியாதை கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். கொல்லையில் திரிந்த பூனையைப் பார்த்து, "வாங்க பூனை, உக்காருங்க" என்றீர்கள். கிணற்றில் வாளியை விட்டுவிட்டு அதனிடமும் மன்னிப்புக் கேட்டீர்கள். ரசத்தைக் கையால் அள்ள முயன்று முழங்கைவரை வழியவிட்டபோது அப்பாவே சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆனால் அன்றைக்குக் காலை காப்பி குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி, அம்மிக்கல் மேல் கவிழ்த்து வைத்தீர்கள். அம்மாவின் முகம் செத்துவிட்டது. என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"ஏண்டி, நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்லம்மா."

"வேற யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அம்மியில் டம்ளரைக் கவிழ்த்துவைத்துத் தினம் திட்டு வாங்கியவள் எங்கள் வீட்டில் ஒருத்திதான்.

சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்துக் குழந்தைகளை எடை பார்க்க நீங்கள் போகும்போது பேச்சுத் துணைக்கு நானும் வருவேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வீர்கள். பயமா என்று கேட்டேன். "தெரியலைங்க. இங்க வந்தா கண்ணு தானா மூடுது" என்றீர்கள். அக்காவும் அந்தப் பாலத்தில் கண்ணைத் திறந்ததே கிடையாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டீர்கள். "மத்தியானத்துல என் ரூம்ல யாருங்க தலை சீவறாங்க? சத்தம் கேக்குது. திரும்பிப் பாத்தா யாரும் இல்லை." அம்மா உங்கள் இலையில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். மறுநாளிலிருந்து உங்களுக்கும் பூ வாங்கினாள்.

என்னை அக்கா என்று கூப்பிடேன் என்று எத்தனையோ தடவை சொன்னீர்கள். நான் மிஸ் என்பதிலேயே நின்றுகொண்டேன். வீட்டில் அந்த முறைக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. இன்னொருத்தரை அப்படிக் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்களோ என்று பயம்.

அந்தத் தை மாதம் என் தலைவிதியும் பெட்டி முன்னால் வந்து நின்றது. மெட்ராஸில் நர்ஸ் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு பெண்ணை வெளியூருக்கு அனுப்பிப் பறிகொடுத்த அம்மா, இன்னொரு பெண்ணை அடுத்த தெருவில்கூடத் தங்கவிட மாட்டாள். அப்பா கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், "அவகிட்ட கேப்போம். அவ சரின்னா எனக்கும் சரி" என்றாள் அம்மா. போகக் கூடாது என்று உத்தரவானால் அத்தோடு என் படிப்பு முடிந்தது. அடுப்படிதான்.

வருஷாவருஷம் புடவை கட்டி உட்காருகிறவள் நான். என் காரியத்துக்கு நானே உட்கார முடியாது. திருவெள்ளறையிலிருந்து வரவேண்டிய மாமா மகள் அன்று காலை வீட்டுக்கு விலக்காகிவிட்டாள். நல்ல நாள் தப்பிப்போகிறதே என்று எல்லாரும் விழித்தபோது அம்மாவே சொன்னாள். "அந்தப் பொண்ணையே உக்கார வையி. அவ ரூம்ல இருக்குறவதானே."

உங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. எனக்கோ விட்ட மூச்சு திரும்பி வந்தது. கிணற்றடியில் உங்களை நிறுத்திப் பாடம் நடத்தினேன். அம்மா கேட்டதும் "சரி, போகட்டும்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் "சரிங்க, போகட்டுங்க" என்றீர்கள். "ங்க வேணாம் மிஸ். சாமி யாருக்கும் ங்க போடாது" என்றேன். இந்தத் திருட்டுத்தனத்துக்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. என் வாழ்க்கை, நான்தான் வழி பார்த்தேன்.

விளக்கு வைக்கும் நேரம். ஈரத் தலையோடு, கத்தரிப்பூப் புடவையில், தலை குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். நான் பின்னாலிருந்து பார்த்தேன். அந்தத் தோளின் சாய்வு எனக்குத் தெரிந்த சாய்வு. அம்மா இரண்டு கையாலும் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு உங்கள் எதிரில் நின்றாள்.

"ஆத்தா, ஒந் தங்கச்சி மெட்ராசுக்குப் படிக்கப் போகணுங்குறா. அனுப்பட்டுமா?"

சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டீர்களோ என்று நான் கனைத்தேன். கற்பூரம் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. அப்புறம் மெதுவாக, அலுத்துப்போன குரலில் சொன்னீர்கள்.

"கைய விடும்மா. வலிக்குது."

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். தட்டு கிடுகிடுவென்று ஆடியது. அம்மா அழவில்லை. குழந்தையிடம் பேசுவதுபோல, "விட்டுட்டேண்டி. விட்டுட்டேன்" என்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ போயிட்டு வா" என்றாள்.

பிறகு கிணற்றடியில் என்னிடம் கையை நீட்டினீர்கள். "உங்க அம்மா ரொம்ப இறுக்கிப் பிடிச்சுட்டாங்க. வலி தாங்கலை, அதான் சொல்லிட்டேன். நீங்க சொல்லிக் குடுத்தது மறந்துபோச்சு. கோவமா?" இடது மணிக்கட்டில் நாலு விரல் பதிந்து சிவந்திருந்தது. கோபமில்லை என்று சொல்லி எண்ணெய் தடவிவிட்டேன்.

மிஸ், அம்மா உங்களைத் தொடவே இல்லை. அவள் இரண்டு கையும் தட்டில் இருந்தன. எத்தனையோ கடிதம் எழுதியும் இதை மட்டும் எழுதவில்லை. தூர தேசத்தில் தனியாக இருக்கிறவருக்கு எதற்கு இது என்று விட்டுவிட்டேன்.

ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான். பயத்தில் தோல் தடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். விளக்கம் கேட்டால் யாருக்கும் சொல்லிவிடுவேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது மட்டும் அது எடுபடுவதில்லை.

நீங்கள் ஊருக்குக் கிளம்பியபோது அம்மாதான் புடவையை மடித்து உங்கள் பெட்டியில் வைத்தாள். அதற்கப்புறம் கன்னிப் பெட்டிக்கு வேறு புடவை வாங்கவே இல்லை. கேட்டால், "அவதான் அந்தப் பொண்ணு கூடப் போயிட்டாளே. நாலு ஊரு பாத்துட்டு வரட்டும்" என்பாள். அறையில் சீப்புச் சத்தமும் நின்றுபோனது. அம்மா போனபோது அவள் கையைப் பிடித்திருந்தது நான். நேரம் வந்ததும் விட்டுவிட்டேன். வார்டில் எத்தனை தாய்மாரிடம், எத்தனை பெண்டாட்டிகளிடம் அதையே சொல்லியிருக்கிறேன். "கைய விடுங்கம்மா, வலிக்கும்." எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத அந்தச் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்பட்டார்கள்.

இப்போது காட்டூரில் என் வீட்டில் அந்த ஓலைப்பெட்டி தொங்குகிறது. ஊர் சுற்றப் போனவள் திரும்பிவிட்டாள் என்று புடவையை உள்ளே வைத்தேன். நீங்களும் கல்யாணம் செய்துகொள்ளாமலே போய்விட்டீர்கள். எங்கள் கணக்குப்படி நீங்களும் சாமிதான். சிரிக்காதீர்கள். உங்களுக்கென்று பச்சையில் ஒரு புடவை எடுத்து அதன் மேல் வைத்தேன். அன்று மத்தியானம் சீப்புச் சத்தம் கேட்டது. ஒரு சீப்பு நிற்க, இன்னொன்று தொடர்ந்தது.

நான் பயப்படவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியை இறக்கி, பச்சைப் புடவையின் தலைப்பைப் பிடித்தேன். மூட மனசு வரவில்லை. ஊருக்கெல்லாம் விடச்சொன்னவள், இதை எழுதும்போதும் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்கா, வலித்தால் சொல்லுங்கள். விட்டுவிடுகிறேன்.