டீச்சருக்கு ஒரு பால்கனி

மார்ச் 6, வியாழன்

காலையில் ஒரு பெரியவர் காது மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பழுதா என்று கேட்டேன். "நல்லா கேக்குதும்மா. அதான் பிரச்சினையே. மருமக பேசுறதெல்லாம் கேக்குது." சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து, சமாதானம் சொல்லி அனுப்பினேன். கடையில் எல்லோரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்தபோதும் அந்தச் சிரிப்பு மிச்சம் இருந்தது. அப்பா என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, கப்பல்ல ஒரு ரூம் போடணும். பால்கனி வெச்சது. சின்னதெல்லாம் வேண்டாம், நல்லா விசாலமா இருக்கணும். நீதான் பாத்து எடுத்துக் குடுக்கணும்."

யாருக்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்கும் டீச்சருக்கும்தான்."

கட்டிய மனைவியை டீச்சர் என்று கூப்பிடும் ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். முட்டி அறுவைக்குப் பிறகு டாக்டர் நீச்சல் பழகச் சொன்னார். முதியோர் வகுப்பில் சேர்ந்தார். முட்டி சரியானதோ இல்லையோ, நீச்சல் டீச்சரோடு கல்யாணம் ஆகிவிட்டது. போன மாதம் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். பேனா கூட என்னுடையது.

அவங்க வாடகை வீட்டைக் காலி செய்ய இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம். அதற்குள் கப்பல். திரும்பி வந்ததும் இங்கே குடி வருகிறார்கள்.

அறுபத்தெட்டு வயதில் தேனிலவு. அதற்கு இடம் பார்த்துக் கொடுக்க மகள்.

மார்ச் 7, வெள்ளி

பார்க்கவில்லை. கடையில் வேலை அதிகம் என்று சொன்னேன். வேலை இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று தப்ப முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கப்பலின் வரைபடத்தைத் திறந்தேன். தேன்கூடு மாதிரி அறைகள். நடுவில் இருப்பவற்றுக்கு ஜன்னலே இல்லை. அடுத்த வகைக்கு வட்டமாக ஒரு கண்ணாடி. அதற்கடுத்தவற்றுக்குப் பால்கனி, ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். கப்பலின் பின்கோடியில் மட்டும் சில அறைகள்: பால்கனியே ஒரு கூடம் அளவுக்கு. படுத்துக்கொள்ளும் நாற்காலிகள், ஒரு மேஜை, எதிரே கப்பல் விட்டுச்செல்லும் வெள்ளைக் கோடு, பிறகு கடல், கடல்.

அப்பா திரையைத் தொட்டுப் பார்த்தார். "இங்க ஒரு மெத்தையப் போட்டா படுத்துக்கலாம், இல்ல?"

அம்மா இறந்த வருஷம், நாங்கள் இருவரும் சாப்பிடாமல் கிடந்த நாட்களில், இதே அப்பா என்னிடம் சொன்னார்: "ஒரு நாள் நாம ரெண்டு பேரும் கப்பல்ல போவோம் பாப்பா. தண்ணியும் ஆகாயமும் மட்டும் பாத்துக்கிட்டு." ஆறு வருஷமாக நான் அதை மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை போலிருக்கிறது. ஆளை மட்டும் மாற்றிவிட்டார்.

முப்பத்தொன்பது வயதுப் பெண் இதற்கெல்லாம் அழுவாளா?

"நாளைக்குப் போட்டுடறேன்ப்பா" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

போட்டுவிட்டேன்.

பின்கோடி அறை இரண்டு காலியாக இருந்தன. ஏப்ரல் கடைசி வாரம், அவர் கேட்ட தேதி. விரல் அதன் மேல்தான் இருந்தது. அப்போது அந்தம்மா அந்தச் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருப்பது கண்ணில் தெரிந்தது. அப்பா டீ கொண்டுவந்து கொடுக்கிறார். எனக்குக் கொடுக்கிற அதே டீ, சர்க்கரை கம்மி.

வயிறு எரிந்தது. எரிச்சலில் வரைபடத்தில் ஆறாம் தளத்துக்குப் போனேன். அங்கேயும் பால்கனி அறைகள் உண்டு. ஆனால் எதிரிலேயே உயிர்காக்கும் படகுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 'பார்வை மறைக்கப்பட்டது' என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. கையை நீட்டினால் படகின் மஞ்சள் கூரை இடிக்கும். அதில் ஒரு அறை லிஃப்டை ஒட்டி இருந்தது. ராத்திரியெல்லாம் லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம் கேட்கும். காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பாவுக்கு லிஃப்ட் தாலாட்டு. அதையே எடுத்தேன்.

பால்கனி உண்டா? உண்டு. பொய் சொல்லவில்லையே?

அப்பா படத்தைக்கூடக் கேட்கவில்லை. "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லப் போய்விட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

நன்றாகத் தூங்கினேன். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

நீச்சலம்மா (இந்த நோட்டில் அவங்களுக்கு நான் வைத்த பெயர்) மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். ஈரத் தலை. எப்போதும் ஈரத் தலை. குளோரின் வாசனை அவங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் வருகிறது. அம்மாவின் நாற்காலியில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் தரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா ஆரம்பித்தார். "பாப்பா, டீச்சருக்கு அந்த ரூமைக் காட்டு."

காட்டினேன். வேறு வழி?

நீச்சலம்மா போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்கள். விரலால் படத்தைப் பெரிதாக்கினார்கள்.

"இந்த மஞ்சளா இருக்கே, என்னது இது?"

"அது... பக்கத்துல ஏதோ கூரைன்னு நினைக்கிறேன்."

அவங்க என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரே ஒரு பார்வை. பிடிபட்டுவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. காது சூடாகிவிட்டது எனக்கு.

"என்ன டீச்சர், ஏதாவது பிரச்சினையா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல சார். உயிர்காக்கும் படகு ரூமுக்குப் பக்கத்துலயே இருக்கு. நல்லதுதானே? உங்களுக்கு இன்னும் மிதக்கவே வரல."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவங்களும் சிரித்தார்கள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் ஏற்கனவே கழுவியதையும் சேர்த்துக் கழுவினேன்.

மார்ச் 17, திங்கள்

என்னைக் காப்பாத்துறாங்களாம்! யார் கேட்டா? அப்பா முன்னாடி போட்டுக் குடுத்திருந்தா நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். மனசுல இருக்கிறதெல்லாம் கொட்டியிருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டாங்க. இப்ப நான்தான் கெட்டவ, அவங்க பெருந்தன்மை.

எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க. நல்லவங்கற பேரையும்.

மார்ச் 19, புதன்

நீச்சலம்மா கடைக்கே வந்துவிட்டார்கள். மதியம், கூட்டம் இல்லாத நேரம். காது பரிசோதிக்க வந்ததாகக் கூடப் பாசாங்கு செய்யவில்லை.

"அஞ்சு நிமிஷம் பேசணும். அந்த ரூமை மாத்திடும்மா."

"படகு பக்கத்துல இருந்தா நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்?"

"எனக்கும் ஒரு காலத்துல நாத்தனார் இருந்தா. எது தெரியாம நடந்தது, எது தெரிஞ்சு நடந்ததுன்னு எனக்குத் தெரியும்." கோபமாகச் சொல்லவில்லை. "எனக்காக மாத்த வேண்டாம். நான் குளியலறையில படுக்கச் சொன்னாலும் படுத்துக்குவேன். அவரால முடியாது."

பிறகு சொன்னார்கள். நான் கைக்குழந்தையாக இருந்த காலம். அப்பா ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழியின் அடியில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்து, கூட வேலை செய்தவர் மேலே சுவிட்சைப் போட்டுவிட்டார். பெட்டி இறங்கி வந்தது. அப்பா தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார். மூக்குக்கு மேலே பெட்டி. கத்திய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. விடிந்து காவலாளி வந்த பிறகுதான் வெளியே எடுத்தார்கள்.

"அதுக்கப்புறமும் அதே வேலைக்குத்தான் போயிருக்கார். ஆனா மூடின ரூம்ல தூங்க முடியாது அவரால. பால்கனி பெருசா வேணும்னு கேட்டது கடலைப் பாக்க இல்லம்மா. வெளிய படுக்க."

என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "உங்ககிட்ட ஏன் சொன்னார்?"

அவங்களுக்கு என் கேள்வி புரிந்தது. "ஆசையாச் சொல்லல. முதல் நாள் தலையைத் தண்ணிக்குள்ள விடச் சொன்னேன். அலறிட்டார். சுத்தி இத்தனை பேர் பாத்தாங்க. கரையில உக்காத்தி வெச்சுக் கேட்டேன், காரணம் சொல்லித்தானே ஆகணும்? உங்கம்மாவுக்கும் தெரியாதாம். நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

போகும்போது குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஓடிப்போய்க் கொடுத்தேன். நன்றி சொல்லவில்லை, இரண்டு பேரும்.

மார்ச் 20, வியாழன்

அப்பா எப்போதும் கூடத்தில்தான் படுப்பார், வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு. "என் குறட்டை உங்களுக்கு ஆகாது" என்பார். நாங்களும் அவர் குறட்டையைக் கேலி செய்வோம். நானும் அம்மாவும் சேர்ந்து.

இரண்டு வருஷம் முன்பு அவர் காதைப் பரிசோதிக்கக் கடைக்கு அழைத்துப்போனேன். சத்தம் புகாத அந்தக் கண்ணாடிக் கூண்டின் கதவை நான் சாத்தப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "கேக்குது கேக்குது, எனக்கு எல்லாம் நல்லா கேக்குது" என்று எழுந்து வந்துவிட்டார். பயந்தாங்கொள்ளி என்று சிரித்தேன். எல்லோர் காதையும் சோதிக்கிறேன். எனக்கு என்ன கேட்டது?

இதை எழுதும்போதும் ஒரு மூலையில் பொறாமைதான். இவ்வளவு பெரிய விஷயம், என்னிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை, நேற்று வந்தவங்களிடம்.

மார்ச் 21, வெள்ளி

அறையை மாற்றப் பயண ஏஜென்சிக்குப் போன் செய்தேன். ஏப்ரல் பயணத்தில் பின்கோடி அறைகள் போய்விட்டன. என் விரல் பட்ட இரண்டுமே. அந்தப் பெண் தேடித் தேடி ஒன்று சொன்னாள்: மே 15 கிளம்பும் கப்பல். பால்கனி விசாலம், யாரோ ரத்து செய்தது. 20ஆம் தேதி திரும்பும்.

மே 17 அம்மா இறந்த நாள்.

அன்று இரண்டு பேரும் லீவு போடுவோம். அம்மாவின் தையல் மெஷினுக்கு அப்பா எண்ணெய் விடுவார், நான் ஓட்டுவேன். வெற்றுத் துணியில் ஒரு கோடு தைப்போம். ஒரு வருஷமும் தவறியதில்லை. அது எங்களுடைய நாள். அதுவும் போகணுமா?

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"போட்டுடுங்க" என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

தேதியைச் சொன்னதும் அப்பாவின் முகம் விழுந்தது.

"பதினேழு நடுவுல வருதே பாப்பா."

"வரட்டும்ப்பா."

"வேண்டாம். வேற ரூம் பாரு. பால்கனி இல்லேன்னாலும் பரவாயில்ல."

பரவாயில்லையாம். எனக்காக அந்தப் பெட்டிக்குள் ஐந்து ராத்திரி படுப்பார் இந்த மனிதர். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாமா? வாய் வரை வந்தது. ஆனால் அவர் சொல்லாத ஒன்றை நான் பிடுங்கக் கூடாது.

"பழைய ரூம் சரியில்லப்பா. நான் சரியாப் பாக்கல. மெஷினுக்கு நான் எண்ணெய் விடறேன், நீங்க போங்க."

அப்பா எழுந்து போய் டீ போட்டார். சர்க்கரை கம்மி.

மே 15, வியாழன்

துறைமுகத்தில் வழியனுப்பினேன். கப்பல் என்றால் கப்பல் இல்லை, ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கிறது. எந்தப் பால்கனி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் கையசைத்தேன். ஒரு வெள்ளைக்காரர் பதிலுக்குக் கையசைத்தார்.

பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட் காலி.

மே 17, சனி

எண்ணெய் அதிகமாகிவிட்டது. துணியெல்லாம் கறை. அப்பா எத்தனை சொட்டு விடுவார் என்று பார்த்து வைத்துக்கொள்ளவே இல்லை. கோபம் வந்தது, மெஷின் மேல், எண்ணெய் மேல், நீச்சலம்மா மேல். மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. காற்று இரைச்சலுக்கு நடுவில் அப்பா.

"எண்ணெய் விட்டியா?"

"வழிஞ்சிடுச்சுப்பா."

"பழைய துணியை வெச்சு ஓட்டு, குடிச்சுடும்." பிறகு சொன்னார்: "பாப்பா, நல்லா தூங்கினேன். பால்கனியிலேயே. எழுந்தா வெளிச்சம் வந்திருக்கு."

அவர் தூங்கினேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மற்றவர்கள் தூங்கினார்களா என்றுதான் கேட்பார்.

"டீச்சர்?"

"ரெண்டு போர்வையைச் சுத்திக்கிட்டு, என்னைத் திட்டிக்கிட்டே பக்கத்துல தூங்கினாங்க. இரு, அவங்க பேசணுமாம்."

நீச்சலம்மா எடுத்தார்கள். கொஞ்சம் தள்ளிப்போய்ப் பேசுவது தெரிந்தது.

"காலையிலேருந்து உங்கம்மா பேச்சுதான். அவங்க தைச்ச சட்டை, அவங்க போட்ட சண்டை, எல்லாம் கேட்டாச்சு. நானும் எவ்வளவு நேரம்தான் சிரிச்ச முகமா உக்காந்திருக்கிறது? உங்கிட்ட சொல்றதுக்கு என்ன, எனக்குப் பொறாமையா இருக்கும்மா."

சிரித்துவிட்டேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்ததால் ஏதோ குதிரை கனைத்த மாதிரி வந்தது. அந்தப் பக்கமும் அதே சத்தம்.

"மொத்தத்தையும் கேட்டுட்டு வாங்க" என்றேன். "எனக்குத் தெரியாததும் இருக்கும்."

ஜூன் 1, ஞாயிறு

குடி வந்துவிட்டார்கள். இரண்டு பெட்டி, ஒரு சைக்கிள், பதினொரு நீச்சல் உடை. பாத்ரூம் கொடியில் என் துணிக்கு இடமில்லை. சண்டை போட்டேன். அவங்களும் போட்டார்கள். கொடியை இரண்டாகக் கட்டியாகிவிட்டது.

ஜூலை 9, புதன்

அப்பாவுக்கு மட்டும் இரண்டாவது முட்டை வைக்கிறார்கள். கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மதியக் காட்சிக்குச் சித்தியும் (நீச்சலம்மாவுக்கு இப்போது அதுதான் பெயர்) நானும் கிளம்பினோம். சித்திக்குப் பேய்ப் படம் என்றால் உயிர், எனக்கும். அப்பாவுக்கு ஆகவே ஆகாது. வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து நின்றார். நேற்று கடைத்தெருவுக்குப் போனபோதும் இப்படித்தான் நின்றார்.

"ரெண்டு பேரும் எங்க?"

"சினிமாவுக்கு சார்."

"ஓஹோ. எனக்கு டிக்கெட்?"

"உங்களுக்குத்தான் பேய் பிடிக்காதே?" என்றார்கள் சித்தி.

"பிடிக்காது. அதுக்காகக் கேக்கக்கூடக் கூடாதா? நான் ஒருத்தன் இந்த வீட்ல இருக்கேன்ல?"

கதவைப் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கி நின்றார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வருஷம் பாதி நாள் நான் போட்டுக்கொண்டு திரிந்தது அது.

தியேட்டரில் டிக்கெட் இன்னும் இருந்தது. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்.

கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அவரும் அந்த முகத்தோடு இருந்து பார்க்கட்டும்.